கல்லூரித் தேர்வும் மதிப்புக் குறியும்
(நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நம் சங்கக் கல்வி நிதிக்கு வந்த விண்ணப்பங்களை யான் நோக்கிக்கொண்டிருந்த ஞான்று, தந்தையார் ஒருவர் தம் மைந்தனது தேர்வு முடிவைக் கைப்பேசியிற் காட்டி, "ஐயா, பிள்ளை தமிழிலேயே பூச்சியம் வாங்கிவிட்டான்" என்று கண்கலங்கினார். வாங்கிப் பார்த்தேன். அது பூச்சியமன்று, 'ஓ' என்னும் ஆங்கில எழுத்து. குறிகளுள் தலையாயது! அவர் கவலையுறாது விட்ட 'சி'க்களே கவலைக்குரியன.

பல்கலைக்கழக மானியக் குழு வகுத்து, 2015 முதல் நாடெங்கும் பரவிய முறையில் 'ஓ'வுக்குப் புள்ளி 10, 'ஏ பிளஸ்' 9, 'ஏ' 8, 'பி பிளஸ்' 7, 'பி' 6, 'சி' 5. தேறினான் என்னும் அளவில் நிற்பது 4. தவறினார்க்கு யாதுமில்லை. 'பி' என்றால் இரண்டாமிடம் என மகிழ்வார் நம்மிற் பலர். அஃது ஐந்தாம் படி. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பதே சராசரி. ஆதலின் நான்கு கிரெடிட் பாடத்தில் ஒரு படி சறுக்குதல், இரண்டு கிரெடிட் பாடத்தில் இரு படி சறுக்குதற்கு ஒப்பாம்.

அப்பிள்ளையின் முதற்பருவச் சராசரி 5. நாணத்தால் மாசித் திருவிழாவிற்கும் அவன் ஊர் வரவில்லை. தொலைபேசியில் அழைத்துக் கணக்கிட்டுக் காட்டினேன். ஆறு பருவத்திற்கும் கிரெடிட் ஒத்ததெனக் கொள்வோம். எஞ்சிய ஐந்திலும் 7.5 பெறின், முடிவிற் கிடைப்பது 7.08. இன்னொரு பருவமும் 5-இல் நின்றால் 6.67 ஆகக் குறையும். அவன் நெடுநேரம் பேசவில்லை.

கணித மேதை இராமாநுசனாரும் கல்லூரித் தேர்வில் தவறினார் என்று கூறித் தேற்றுவார் உளர். அவர் தவறியது கணக்கிலன்று, ஏனைய பாடங்களில். கணக்கில் இடறிய நம் பிள்ளைக்கு அவ்வாறுதல் உதவாது.

பல பல்கலைக்கழகங்கள், குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தினார்க்கு விடைத்தாள் நகலை அளிக்கின்றன. பெற்றுப் பார்த்தோம். பெருவினா இரண்டு எழுதப்படவேயில்லை. அகமதிப்பீட்டிற்குரிய ஒப்படைப்பையும் அவன் கொடுத்திலன். தமிழ்வழியிற் பயின்றவனாதலின் ஆங்கில விரிவுரை விளங்கவில்லை, கேட்கவும் கூச்சம். இப்போது வாரந்தோறும் பழைய வினாத்தாள் ஒன்றை, கடிகாரத்தை முன்வைத்து எழுதுகின்றான். ஐயங்களைத் தமிழிலேயே ஆசிரியரிடம் வினவுகின்றான். அவர் சினந்தாரல்லர்.

நிதிக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். முதற்பருவக் குறி ஒன்றையே கண்டு உதவியை நிறுத்தற்க. இரண்டாம் பருவ முடிவு வருந்துணையும் பொறுத்தருளுக. அப்பிள்ளை இன்று இவ்வவையின் பின்வரிசையில் அமர்ந்துள்ளான், பெயர் கூறேன்.