வேலை கேட்டு எழுதும் கடிதமும் வேலை கொடுப்பவர் எழுதித் தர வேண்டிய கடிதமும்

(தோட்ட இளைஞர், யுவதிகளுக்கும் பெற்றோருக்கும் எமது சங்கத்தின் கல்விப் பிரிவு நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கைக்காசு, கொழுந்து நிறுவை பற்றித்தான் பேசுவோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று வேறு விடயம். தோட்டத்துக்கு வெளியே வேலை தேடிப் போகும் பிள்ளைகள் எப்படி எழுத வேண்டும், எப்படிப் பேச வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். தோட்டத்தில் பேர் போடுகிறவர்களை விட இன்று கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கும் நமது பிள்ளைகள் அதிகம் என்று சொல்லும் வீடுகள் பல. அந்தப் பிள்ளைகளும் தொழிலாளர்கள்தான். அவர்களுடைய விடயம் சங்கத்துக்கு வெளியே உள்ளதல்ல.

உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படித்த பிள்ளைகளுக்கு ‘தொடர்பாடல்’ என்ற பாடம் தெரியும். சொல்பவர், செய்தி, அது செல்லும் வழி, பெறுபவர், அவர் தரும் மறுமொழி. நடுவில் வரும் தடைகள். புத்தகத்தில் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்திருப்பார்கள். பெரட்டில் தினமும் நடப்பதும் இதுதான். எந்த மலைக்குப் போக வேண்டும் என்று கங்காணி சொல்கிறார், பின்னால் நிற்கும் அக்காவுக்குக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்ல அவருக்குத் தயக்கம், அவர் வேறு மலைக்குப் போய்விடுகிறார். சொன்னவர் சொல்லிவிட்டார். ஆனால் செய்தி போய்ச் சேரவில்லை. மறுமொழி வாங்காத பேச்சு பாதிப் பேச்சு. வேலை தேடும்போதும் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நமக்குப் பெரிய தடை எது? ஆங்கிலம் என்பீர்கள், சிங்களம் என்பீர்கள். அவையும் தடைதான். ஆனால் நாங்கள் முதலில் சொல்வது விலாசம்.

நகரத்தில் உள்ள வீட்டுக்குத் தபால்காரர் போகிறார். நமக்கு வரும் கடிதம் பல தோட்டங்களில் தோட்டக் காரியாலயத்தில் இறங்குகிறது. அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் போய், கடையில் கிடந்து, பிறகு லயத்துக்கு வருகிறது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் அதுவும் இல்லை. நேர்முகப் பரீட்சை முடிந்து நான்காம் நாள் அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த பிள்ளைகள் நம் கிளைகளில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை கெட்டிக்காரியா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

ஆகவே விண்ணப்பத்தில் விலாசம் எழுதும்போது தோட்டத்தின் பெயரோடு நிறுத்தாதீர்கள். வீட்டு இலக்கம், லயத்தின் இலக்கம், பிரிவு, தோட்டம், தபாலகம் எல்லாவற்றையும் எழுதுங்கள். தகப்பனார் பெயரையும் சேர்த்தால் ஆள் மாறாது. நகரத்தில் நம்பிக்கையான உறவினர் இருந்தால் அவருடைய விலாசத்தைக் கடிதம் பெறும் விலாசமாகக் கொடுங்கள். தொலைபேசி இலக்கம் இரண்டு கொடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் போனால் சிக்னல் இல்லாத இலக்கம் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் ஒன்று சொல்கிறோம். வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவர் காரியாலயத்துக்குப் போய்க் கடிதங்களைப் பார்த்து வருவது பெரிய வேலை அல்ல. வீடு வீடாகத் தபால் வர வேண்டும் என்பது நமது கோரிக்கை, அதை விடப்போவதில்லை. அது வரும்வரை ஒரு பிள்ளையின் கடிதமும் தேங்கக் கூடாது.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாடசாலைப் பதிவில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொன்று. நமக்குத் தெரியாத மொழியில் யாரோ கேட்டு எழுதிய பெயர்கள் இவை. வேலை கிடைத்து நியமனம் வரும் நேரத்தில் இது வெளியே வரும். இப்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். காகிதம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை நமது பாட்டன் பாட்டி 1948 இல் கண்டார்கள். மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. நம் வீடுகளில் காகிதத்தை அலுமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல.

இனிக் கடிதத்துக்கு வருவோம். சங்கக் காரியாலயத்துக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் விண்ணப்பங்களில் பாதி இப்படித் தொடங்குகின்றன: “ஐயா, நான் மிகவும் வறிய தோட்டக் குடும்பத்தில் பிறந்தவன். தாங்கள் மனமிரங்கி...” இப்படி எழுத வேண்டாம். நீங்கள் பிச்சை கேட்கவில்லை. உங்கள் உழைப்பை அவர் வாங்கப் போகிறார். அதற்கு நீங்கள் தகுதியானவர் என்று சொல்ல வேண்டும். மரியாதை வேண்டும், கெஞ்சல் வேண்டாம். நாங்கள் எழுதிக் காட்டும் மாதிரி இது:

“முகாமையாளர் அவர்களுக்கு. கணக்கு லிகிதர் பதவிக்கான விண்ணப்பம். கடந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வெளியான தங்கள் விளம்பரம் தொடர்பாக இதனை எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சையில் வணிகப் பிரிவில் சித்தியடைந்துள்ளேன். எமது தோட்டத்தின் மரண உதவிச் சங்கக் கணக்கை இரண்டு வருடங்களாக எழுதி வருகிறேன். தமிழில் எழுதவும் சிங்களத்தில் பேசவும் முடியும். எனது சுயவிபரக் கோவையை இணைத்துள்ளேன். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தால் சமுகமளிப்பேன்.”

அவ்வளவுதான். யாருக்கு, என்ன பதவி, எங்கே பார்த்தேன், என்னால் என்ன முடியும், என்ன இணைத்திருக்கிறேன். திகதியும் கையொப்பமும் மறக்க வேண்டாம். அந்த மரண உதவிச் சங்கத்தைக் கவனித்தீர்களா? “எனக்கு அனுபவம் ஒன்றும் இல்லை” என்று சொல்லும் பிள்ளைதான் தேர்த் திருவிழாவுக்கு வீடு வீடாகக் காசு சேர்த்து, ரசீது எழுதி, சதம் பிசகாமல் கணக்கு ஒப்படைத்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்திருக்கும். அவையெல்லாம் அனுபவம். செய்ததை எழுதுங்கள். செய்யாததை எழுதாதீர்கள், ஏனென்றால் நேர்முகப் பரீட்சையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அரசாங்க வேலை என்றால் வெள்ளிக்கிழமை வெளிவரும் வர்த்தமானியைப் பாருங்கள். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது. அதில் சொன்னபடியே செய்ய வேண்டும். கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொன்னால் அங்கேதான் எழுத வேண்டும். பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விண்ணப்பித்துத் தமிழில் பரீட்சை எழுதலாமா என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் படியுங்கள். உரிமை ஒரு பக்கம், கடைக்கு வரும் ஆளோடு பேசுவது இன்னொரு பக்கம்.

நேர்முகப் பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நேரத்துக்குப் போங்கள். முதல் பஸ்ஸில் போனாலும் பிந்தும் என்றால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். துரைக்கு முன்னால் தலை குனிந்து நின்ற பழக்கம் நம் உடம்பில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஊர் எது என்று கேட்டால் சில பிள்ளைகள் “ஹட்டன் டவுன்” என்கிறார்கள். தோட்டத்தின் பெயரையே சொல்லுங்கள். இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த இடம் அது, வெட்கப்பட என்ன இருக்கிறது? விளங்காத கேள்வியை “இன்னொரு முறை சொல்லுங்கள் சேர்” என்று கேட்பதும் தவறல்ல. அழைத்தவர்களுக்குச் சினிமாப் பாட்டுக் கேட்கும்படி போனில் வைத்திருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் மேலாளர்மாருக்குச் சிரிப்பு வருவதில்லை.

இப்போது நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றவுடன் பெட்டியைக் கட்டாதீர்கள். நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்கள் அல்லவா? அவர் பதிலுக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வேலை பற்றிய விபரங்களை முதலாளி எழுத்தில் தர வேண்டும். பதவி, சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். “சாப்பாடும் தங்குமிடமும் தருகிறேன், சம்பளத்தைப் பிறகு பார்ப்போம்” என்ற வாய்ப்பேச்சில் நமது பிள்ளைகள் காலை எட்டு மணி தொடக்கம் இரவு பத்து மணி வரை நிற்கிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதியைக் கேளுங்கள். சம்பளத்தில் 8 வீதம் உங்களிடம் வெட்டுவார்கள், 12 வீதம் முதலாளி போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முதலாளியே கட்ட வேண்டும், உங்களிடம் வெட்டக் கூடாது. சம்பளம் 30,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் சேமலாப நிதிக்கு மாதம் 2,400 உங்களுடையது, 3,600 அவருடையது. நம்பிக்கை நிதிக்கு 900. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். இலக்கம் இல்லை என்றால் காசு போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தரகர் வந்து முற்பணம் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அனுப்புவது சட்டவிரோதம். வயது வந்த பிள்ளை என்றாலும் போகும் இடத்தின் விலாசத்தையும் முதலாளியின் பெயரையும் எழுதி வாங்காமல் அனுப்பாதீர்கள். அடையாள அட்டையின் மூலப் பிரதியை எவர் கேட்டாலும் கையளிக்க வேண்டாம், போட்டோப் பிரதி கொடுத்தால் போதும். வெளிநாடு என்றால் அந்த முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பணியகத்தில் பதியாமல் சுற்றுலா விசாவில் போகும் பெண்ணுக்கு அங்கே ஒன்று நடந்தால் ஒப்பந்தம் என்று காட்ட ஒரு தாளும் இராது.

வேலையிலிருந்து காரணமில்லாமல் நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபிறகு, “சித்திரையில் நிறுத்திவிட்டார்கள்” என்று சொன்னால் நாள் கடந்திருக்கும். நடந்த வாரமே சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள். நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, பேசிய வட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம்.

வருகிற கூட்டத்துக்குப் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளோடு வாருங்கள். ஒவ்வொருவருடைய விண்ணப்பத்தையும் அன்றைக்கே இருந்து எழுதுவோம். சுயவிபரக் கோவையைத் தட்டச்சுச் செய்து தர இளைஞர் கமிட்டிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெளியில் வேலை செய்பவர்கள் விடுமுறைக்கு வந்திருந்தால் சம்பளத் துண்டையும் கொண்டு வாருங்கள், சேமலாப நிதி வெட்டியிருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.