நஞ்சுக்கொடியின் நாளங்களும் சேயின் எடையும்



வெள்ளிவிழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். பள்ளிக்கு வருமுன்னரே, ஏன், பிறக்குமுன்னரே தொடங்கிவிடும் ஒன்றைச் சொல்ல விழைகிறேன்.

பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த சேயைக் குறை எடைக் குழந்தை என்பர். அத்தகைய பிள்ளை பிறந்தால் தாயைப் பழிப்பது நம் வீடுகளிலும் உண்டு. பழி யாருக்கு என்று தெளிய நஞ்சுக்கொடியைப் பார்க்கவேண்டும். இதற்கு 'நஞ்சு' என்று பெயரிட்டவர் யாரோ, அறியேன்! தீட்டு என்று சொல்லி, சில ஊர்களில் அதைப் புதைக்கும் வேலையையும் நம் பெண்டிர் தலையிலேயே சுமத்தினர். உண்மையில் சேய்க்கு நுரையீரலாகவும் குடலாகவும் சிறுநீரகமாகவும் உழைப்பது அதுவே.

நிறைமாதத்தில் அதன் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. உள்ளே மரக்கிளைகள் போல் பிரிந்த எண்ணற்ற நுண்விரல்கள்; ஒவ்வொன்றிலும் மயிரினும் மெல்லிய குருதிக்குழாய்கள். விரித்தால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் பரவும். தாயின் குருதியும் சேயின் குருதியும் கலப்பதில்லை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ஹன்டர் காட்டினார்.

பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் வருவதை நாம் அறிவோம். கால்வாய் அகன்றிருந்தால் நீர் நிதானமாக வந்து நிரம்பும். வாய் குறுகினால் சீறிப் பாய்ந்து கரையை அரிக்கும். கருப்பையின் சுருள் தமனிகளும் அவ்வாறே. கருவுற்ற முதல் ஐந்து மாதங்களுக்குள், நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் அத்தமனிகளின் சுவருக்குள் புகுந்து, தசையை அகற்றி, வாயை அகலப்படுத்துகின்றன. வளர்ச்சி குன்றிய சேய்களின் நஞ்சுக்கொடிகள் பலவற்றில் இப்பணி அரைகுறையாக நின்றிருக்கக் காண்கின்றனர். தமனிகள் குறுகியே இருக்கின்றன. நுண்விரல்கள் கிளைப்பது குறைகிறது. குருதி எட்டாத பகுதிகள் ஆங்காங்கே மடிகின்றன. தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறும் நோயிலும் பெரும்பாலும் இதே குறைபாடு உண்டு. தாய் நினைத்துச் செய்வதா இது?

வறுமையும் சோகையும் வேறு வழியாகச் சேயைச் சிறுக்கச் செய்கின்றன. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுற்றிருந்தனர். பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும் என்று கர்ப்பிணியின் சோற்றைக் குறைக்கும் மாமியார்கள் இன்னும் இருக்கின்றனர். அவர்களோடு வாதாடித்தான் ஆகவேண்டும்.

இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் 1980களில், சிறுத்துப் பிறந்தோர்க்குப் பிற்காலத்தில் இதயநோய் மிகுதி என்றார். நம் பக்கத்திலேயே, 1969 முதல் 1973 வரை வேலூரிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் பிறந்த பிள்ளைகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் எடையிட்டுப் பின்தொடர்ந்தனர். 1998 முதல் அவர்களையே வளர்ந்தோராக மீண்டும் ஆராய்ந்தனர். நம் மண்ணின் பிள்ளைகளே அவ்வாய்வின் ஏடுகள்.

இளைஞர்களே, மனைவி கருவுற்றால் பன்னிரண்டு வாரத்திற்குள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். நாளங்கள் அகலும் காலம் அதுவே. இரத்த அழுத்தம் பார்க்காமல் அனுப்பினால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முந்தைய பேற்றில் சேய் சிறுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தக்கவர்க்குச் சிறு அளவு ஆஸ்பிரின் தருவர், நாமாக வாங்கலாகாது. டாப்ளர் கருவி கொடியில் ஓடும் குருதியின் வேகத்தைக் காட்டும். வீட்டிற்குள் பீடி வேண்டா. தோல்பதனிடும் கூடத்திலிருந்து களைத்து வரும் பெண்ணுக்கு முதல் தட்டைப் போடுங்கள்.