‘ஏன் நேற்று வரவில்லை?’ என்று கேட்க ஓர் ஆள்



வார நாள் ஒன்றில் காலை பத்து மணிக்குத் தேக்கா நிலையத்துக்குப் போனால், ஈரச்சந்தையில் மீனும் கீரையும் வாங்கி முடித்த பெரியவர்கள் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு கோப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று. கோப்பியும் ஆறிவிட்டது. ஆனால் எழுந்து போக மனம் வருவதில்லை. பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், “எந்த ஊர்?” என்பது முதல் கேள்வி. “எங்கே இருந்தீங்க?” என்பது இரண்டாவது கேள்வி.

வீட்டு முகவரியைக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். “ஹார்பர்ல இருந்தேன்”, “பியுபியில முப்பது வருஷம் இருந்தேன்”, “பள்ளிக்கூடத்துல இருந்தேன்” என்றுதான் பதில் வரும். வேலை பார்த்தேன் என்று சொல்பவர்கள் குறைவு. இருந்தேன் என்பார்கள். அப்படியானால், ஓய்வு பெற்ற மறுநாள் அவர் எங்கே இருக்கிறார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுமுன், வேலையோடு சேர்த்து எதையெல்லாம் சந்தோஷமாக விட்டுவிட்டு வந்தார்கள் என்று பார்ப்போம்.

போனது போகட்டும்!

முதலில் அலாரம். காலை ஐந்து மணிக்குக் காதுக்குள் அடித்த அந்த மணியை யாரும் தேடுவதில்லை. ஷிப்டு வேலை பார்த்தவர்கள் இரவைப் பகலாக்கி, பகலில் பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டிவிட்டுத் தூங்கினார்கள். அதையும் யாரும் தேடுவதில்லை. தீபாவளிக்கு லீவு கேட்டு மேலதிகாரி முன்னால் நின்ற நிமிடங்கள், காய்ச்சல் என்றாலும் எம்சி வாங்கக் கிளினிக்கில் காத்திருந்த நேரம், ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் தன்னைவிட இருபது வயது சிறியவர் சொன்ன குறைகள், இரவு பத்து மணிக்கும் ஒலிக்கும் அலுவலகக் கைபேசி. இவை எல்லாம் போனது போகட்டும் என்பார்கள்.

உடலுழைப்புத் தொழிலாளர்களின் பட்டியல் இன்னும் நீளம். கொள்கலன் வருவதற்கு முந்தைய துறைமுகத்தில், கப்பலின் அடித்தட்டில் இறங்கி, வெக்கையில் மூட்டை ஏற்றி இறக்கியவர்கள் அவர்கள். முதுகும் முழங்காலும் இன்றைக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்த வேலையை இனிமையான நினைவு என்று மற்றவர்கள் வர்ணித்தால் அவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

சரி, இவ்வளவு கஷ்டமான வேலை விட்டுப் போனதற்குச் சந்தோஷப்பட வேண்டியதுதானே? சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் அது பல வீடுகளில் மூன்று மாதம் நீடிக்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆகிறது?

மணி பார்க்காத ஊர்

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல விடை சிங்கப்பூரிலிருந்து வெகு தொலைவில், ஆஸ்திரியாவில் கிடைத்தது. மரியந்தால் என்ற சிற்றூரில் ஒரே ஓர் ஆலைதான் இருந்தது. பொருளாதார மந்தத்தில் அது மூடப்பட்டு, ஊரே வேலை இழந்தது. மரீ யஹோடா என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் அங்கே சென்று ஆய்வு செய்து, 1933ல் நூலாக வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது வியப்பானது. மக்களுக்கு நேரம் நிறைய இருந்தது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடவில்லை, குறைந்தது. தெருவில் நடக்கும் ஆண்களைக் கவனித்தார்கள். மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் மட்டும் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். வீட்டில் அவர்களுக்கு வேலை தீரவில்லையே!

பிற்காலத்தில் யஹோடா, சம்பளத்தைத் தவிர வேலை ஒரு மனிதருக்கு ஐந்து விஷயங்களைத் தருகிறது என்று எழுதினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியம், சமூகத்தில் ஓர் அடையாளம், தினமும் உடம்பையும் மனத்தையும் இயக்கும் கட்டாயம். வேலை இழந்தவர்களை வைத்துச் சொன்னது இது. ஓய்வு பெற்றவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஓய்வு பெற்றவர்கள் ஏங்குவதும் இந்த ஐந்துக்காகத்தான். அவர்கள் அதை இப்படிப் பெரிய வார்த்தைகளில் சொல்வதில்லை, அவ்வளவுதான். காலையில் ஒரு மேசைக்கு வந்து உட்காருவது, டீ நேரத்தில் ஒருவரை ஒருவர் கேலி செய்வது, “இது எப்படிண்ணே?” என்று ஓர் இளைஞர் வந்து கேட்பது. ஒருநாள் வராவிட்டால் மறுநாள், “ஏன் நேற்று வரவில்லை? உடம்புக்கு என்ன?” என்று யாராவது விசாரிப்பது. வேலை செய்த காலத்தில் அந்தக் கேள்வி எரிச்சலாகக்கூட இருந்திருக்கும். இப்போது அதைக் கேட்க ஆளில்லை.

கை நீட்டிக் காட்ட இடமில்லை

சிங்கப்பூரில் இன்னொரு வேதனையும் சேர்ந்துகொள்கிறது. மனிதர் ஓய்வு பெறுவதற்குள் அவர் வேலை பார்த்த இடமே ஓய்வு பெற்றுவிடுகிறது.

செம்பவாங் கடற்படைத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்தவர்கள் ஏராளமாக அங்கே வேலை பார்த்தார்கள். 1971 இறுதிக்குள் படைகளைத் திரும்பப் பெறுவதாக பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பலர் கையில் கிடைத்த பணிக்கொடையோடு ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். வயது வருமுன்னே வந்த ஓய்வு அது.

துறைமுகத்தைப் பாருங்கள். 1972 ஜூன் 23ஆம் தேதி முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தது. அதன் பிறகு சரக்கு இறக்கும் தொழிலே மாறிப்போனது. அதே தஞ்சோங் பகார் முனையம் 2017ல் கொள்கலன் பணிகளை நிறுத்திக்கொண்டது. 2022ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா வாகனங்கள் கொள்கலன்களைச் சுமக்கின்றன. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி கிளம்பிப் போய்விட்டது. பேரனை அழைத்துப் போய், “தாத்தா இங்கேதான்டா இருந்தேன்” என்று கை நீட்டிக் காட்ட இடம் எங்கே?

ஆனால் இடம் போனாலும் கூட்டம் கலையாமல் இருக்க முடியும். கடற்படைத் தளத் தொழிலாளர்கள் 1960களில் கும்பிடத் தொடங்கிய முருகன், புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியராக இன்று ஈசூனில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு இன்றும் அங்கே கூட்டம் திரள்கிறது. வேலைக்கு வெளியே அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட உறவு, வேலை போன பிறகும் நிலைத்திருக்கிறது.

சட்டம் செய்ததும் செய்ய முடியாததும்

சிங்கப்பூரில் வெகுகாலம் 55 வயதில் ஓய்வு பெறுவதே வழக்கம். 1993ல் சட்டம் அதை 60 ஆக்கியது. 1999ல் 62 ஆனது. 2012ல் மறுவேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. 65 வயது வரை தொடர்ந்து வேலை பார்க்க வழி பிறந்தது. 2017ல் அது 67 ஆனது. 2022 ஜூலையில் ஓய்வு வயது 63, மறுவேலைவாய்ப்பு வயது 68. 2026 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து 64, 69.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறுவேலைவாய்ப்புக் கடிதம் கைக்கு வரும்போது ஒரு வீட்டில் என்ன நடக்கிறது? “உங்களுக்கு என்னப்பா குறை? பேசாமல் ஓய்வெடுங்கள்” என்கிறார் மகன். தகப்பனாருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. பணம் வேண்டும் என்று சொன்னால் பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சல். தனிமையாக இருக்கிறது என்று சொன்னால் மருமகளுக்கு மனவருத்தம். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் விட்டுவிடுகிறார். பிள்ளை பாசத்தில்தான் பேசினார், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாசமே அப்பாவை வீட்டுச் சோபாவில் உட்கார்த்திவிட்டது.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. பணம் இல்லாததால்தான் எழுபது வயதிலும் தட்டு எடுக்கிறவர்கள், இரவுக் காவல் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், வேலை மனத்துக்கு நல்லது என்று உபதேசம் செய்வது நியாயமில்லை. விரும்பிப் போகிறவர் வேறு, வேறு வழியில்லாமல் போகிறவர் வேறு. முன்னவருக்கு மரியாதையான வேலையும் பின்னவருக்குப் போதுமான ஆதரவும் கிடைக்க வேண்டும்.

பெண்களின் கதையோ தனி. தாதியாகவோ, துப்புரவாளராகவோ, கிராணியாகவோ வேலை பார்த்த அம்மா ஓய்வு பெறுகிறார். மறுநாளே வீட்டுச் சமையலும் பேரப்பிள்ளையும் முழுநேர வேலையாகிவிடுகின்றன. அவர் எதற்கு ஏங்குகிறார் தெரியுமா? மதியம் ஒரு மணி நேரம், தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட அந்த நேரத்துக்கு. அவருடைய நாளில் அவருக்கே அவருக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஓய்வு அதையும் பறித்துவிட்டது.

என்ன செய்யலாம்?

ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு இருப்பவர்கள் மத்திய சேம நிதிக் கணக்கைப் பார்க்கும் அதே அக்கறையோடு இன்னொரு கணக்கையும் பார்க்கட்டும். செவ்வாய்க்கிழமை நீங்கள் போகாவிட்டால், புதன்கிழமை விசாரிக்கக்கூடிய இடம் எத்தனை இருக்கிறது? கோயில் தொண்டாக இருக்கலாம், சமூக மன்ற வகுப்பாக இருக்கலாம், புளோக்கின் கீழே இருக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையமாக இருக்கலாம். ஒன்றுகூட இல்லை என்றால், இன்றே தேடத் தொடங்குங்கள். ஓய்வு பெற்ற பிறகு தேடிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மரியந்தால் மக்களிடம் நேரம் இருந்தது. எழுந்து போகும் தெம்புதான் குறைந்துபோனது.

பிள்ளைகளே, “ஓய்வெடுங்கள்” என்பதற்கு முன்னால், “வேலையில் உங்களுக்கு எது பிடித்திருந்தது?” என்று ஒரு தடவை கேளுங்கள். அம்மாவுக்கு வாரத்தில் ஒரு மதியத்தையாவது விட்டுக்கொடுங்கள்.

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போன வருடம் பிரியாவிடை விருந்து வைத்து, மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பினீர்களே, அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் இந்த வாரம் ஒரு போன் போடுங்கள். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவார்கள். “உங்களை ரொம்ப நாளாகக் காணோமே, ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள்.