ஆலங்காட்டில் உறங்கிய பிள்ளை
(மணவாள நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

   

1. வழக்கு

தனித்திருத்தலின் பயன் என்பது தலைப்பு. இதில் எனக்கும் என் நண்பர்களுக்கும் முப்பது ஆண்டாக ஒரு வழக்கு உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கு அது பாதி தெரியும். மீதியையும் இன்று சொல்லி முடித்துவிட விரும்புகிறேன்.

நண்பர்கள் சொல்வது இது: தமிழ் மரபில் தனிமை என்றாலே துன்பம். தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் தருகிறது. அதே சொல் பின்னாளில் அழுது அரற்றுவதைக் குறிக்கலாயிற்று. திருக்குறளின் 120ஆம் அதிகாரத்துக்குத் தனிப்படர் மிகுதி என்று பெயர். பாலைத் திணைக்குப் பிரிவு, நெய்தலுக்கு இரங்கல். ஆகவே தனித்திருந்து பயன் பெறுவது என்பது மேனாட்டார் கொண்டுவந்த எண்ணம். தமிழனுக்கு ஊரும் உறவுமே வாழ்வு.

சான்றுகள் எல்லாம் சரி. முடிவுதான் தவறு. அவர்கள் காட்டும் ஒவ்வோரிடத்திலும் பேசுகிறவர் ஒருவரைப் பிரிந்தவர். தனியே விடப்படுவது வேறு, தனித்திருப்பது வேறு. முன்னது செயப்பாட்டுவினை, பின்னது தன்வினை. வினையை வேறு பிரிக்காமல் பெயர்ச்சொல்லை மட்டும் வைத்து வாதாடியதால்தான் இந்த வழக்கு இத்தனை ஆண்டு இழுத்தது.

என் சாட்சி தொலைவில் இல்லை. திருவள்ளூர் நிலையத்தில் அரக்கோணம் வண்டி ஏறினால் ஏகாட்டூர், கடம்பத்தூர், செஞ்சிபானம்பாக்கம், மணவூர், அதற்கடுத்து திருவாலங்காடு. அங்கே வந்து தங்கிய காரைக்கால் அம்மையார்தான் என் சாட்சி.

2. ஆலங்காடு

அம்மையாரை நாம் பெரும்பாலும் சேக்கிழார் வழியாகவே அறிகிறோம். காரைக்கால் வணிகர் மகள் புனிதவதி, கணவன் பரமதத்தன், இரண்டு மாங்கனிகள். மனைவியைத் தெய்வம் என்று அஞ்சிக் கப்பலேறிப் போனவன் பாண்டி நாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். உறவினர் இவரை அங்கே அழைத்துச் செல்ல, அவன் மனைவி மகளோடு காலில் விழுகிறான். அப்போது உடம்பின் தசையை உதறிப் பேய் வடிவம் பெறுகிறார். கயிலைக்குத் தலையால் நடந்து போய், இறைவனால் அம்மை என்று அழைக்கப்பெற்று ஆலங்காடு வந்து சேர்கிறார். "பார்த்தீர்களா, கணவன் கைவிட்டதால் வந்த தனிமைதானே?" என்பார்கள் நண்பர்கள்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். அம்மையார் சம்பந்தருக்கும் முந்தியவர். இருவருக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அம்மையாரின் சொந்த வாக்கு 11ஆம் திருமுறையில் இருக்கிறது. மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் 22, இரட்டை மணிமாலையில் 20, அற்புதத் திருவந்தாதியில் 101, ஆக 143 பாடல்கள். இவற்றில் மாங்கனி இல்லை. பரமதத்தன் இல்லை. விட்டுப் போனவரைப் பற்றி ஒரு முறையீடுகூட இல்லை. பதிகங்களின் முடிவிலும் அந்தாதியின் முடிவிலும் மட்டும் தம்மைக் காரைக்காற்பேய் என்று சொல்லிக்கொள்கிறார்.

அப்படியானால் அந்தக் காட்டில் அவர் என்னதான் செய்தார்? பார்த்தார், கேட்டார். முதல் பதிகத்திலிருந்து மூன்று காட்சிகளை என் உரைநடையில் சொல்கிறேன்.

முதலாவது: நடு இரவு. வாகையின் காய்ந்து வெளுத்த நெற்றுகள் சலசலக்கின்றன. கூகை குரல் கொடுக்கிறது. ஆந்தை கிளை மேல் தாவுகிறது. கள்ளியின் மேல் ஈகைக் கொடி படர்ந்திருக்கிறது. வாகை நெற்றின் ஒலி இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காய்ந்த நெற்றுக்குள் விதை உருளும் சிறு சத்தம் அது. பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அது காதில் விழாது. இருட்டில் தனியாக, அஞ்சாமல், வெகுநேரம் இருந்தவருக்கே கிடைக்கும் ஒலி.

இரண்டாவது: ஒரு பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. கொள்ளிக்கட்டையை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. சிரிக்கிறது. எதையோ கண்டு மிரண்டு துள்ளுகிறது. பிணம் எரியும் தீ அதைச் சுட்டுவிடுகிறது. எரிச்சலோடு புழுதியை அள்ளிப் போட்டுத் தீயை அணைக்கப் பார்க்கிறது. தம் அழகை உதறிவிட்டு வந்தவர் என்று நாம் போற்றும் பெண், இன்னொருத்தி மை எழுதிக்கொள்வதை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்! அதில் இகழ்ச்சி துளியும் இல்லை.

மூன்றாவது காட்சிக்காகத்தான் இந்தச் சொற்பொழிவையே ஒப்புக்கொண்டேன். ஒரு பேய்த்தாய். நிணத்தை விழுங்கி, வெண்தலை மாலை பூண்டவள். அவளுக்கு ஒரு பிள்ளை. அதற்குக் காளி என்று பெயரிட்டுச் சீராட்டி வளர்க்கிறாள். மேலே ஒட்டிய புழுதியைத் துடைத்துவிட்டுப் பால் கொடுக்கிறாள். பிறகு எங்கோ போகிறாள். தாய் திரும்பி வரவில்லை. பிள்ளை அழுகிறது, அழுதபடியே உறங்கிப்போகிறது. அந்தக் காட்டில்தான் இறைவன் ஆடுகிறான்.

புழுதி துடைக்கும் கையை மட்டும் எண்ணிப் பாருங்கள். சுடுகாட்டில் எத்தனை துடைத்தாலும் புழுதி மறுபடி ஒட்டும். ஆனாலும் பால் கொடுக்கும் முன் தாய் துடைக்கிறாள். எந்தத் தெருவிலும் எந்தத் தாயும் செய்வதுதான் அது. மனிதரை வெறுத்து ஓடியவர் கண்ணில் இது படுமா? பட்டாலும் பதிகத்தில் இடம் பெறுமா? உலகத்தைத் துறந்தவர் என்று நாம் வணங்குபவர், ஊர் அஞ்சும் இடத்தில் உட்கார்ந்து தாய்மையின் மிகச் சிறிய செயலைப் பதிவு செய்திருக்கிறார்.

"பேய்க்காட்சி புலவர் மரபுதானே, கலிங்கத்துப்பரணியில் இல்லையா?" என்று மறுத்தவர்கள் உண்டு. செயங்கொண்டாரின் பேய்கள் ஒரு கூட்டம். போர்க்களத்தில் கூழ் அட்டு உண்டு, வென்ற அரசனை வாழ்த்துபவை. இங்கே இருப்பது ஒரு தாய், ஒரு பிள்ளை. அரசனும் இல்லை, பரிசிலும் இல்லை. மரபிலிருந்து பேயை எடுத்துக்கொள்ளலாம். அழுது உறங்கும் பிள்ளையைக் கண்ணால் கண்டுதான் எடுக்க முடியும்.

இங்கே வெளியுலகிலிருந்து ஒரு கருத்தைக் கொண்டு வருகிறேன். ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1958இல் தனித்திருக்கும் ஆற்றலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தை தனியாக இருக்கப் பழகுவது தாயின் அருகில்தான் என்றார். தாய் பக்கத்தில் இருப்பாள், குழந்தையைத் தொந்தரவு செய்யமாட்டாள். அந்த நம்பிக்கையில் குழந்தை தன் போக்கில் விளையாடும். வளர்ந்தபின் அந்த நம்பிக்கை உள்ளே தங்கிவிடுகிறது. அப்போது தனிமை அச்சம் தருவதில்லை.

இந்தக் கருத்தோடு பதிகத்துக்குத் திரும்புங்கள். காட்டில் இரண்டு பேர் தனியாக இருக்கிறார்கள். பிள்ளை தனியே விடப்பட்டது, அழுகிறது. அம்மையார் தனித்திருக்கிறார், பாடுகிறார். நான் முதலில் சொன்ன இரண்டு வினைகளும் ஒரே பாட்டில், ஒரே இருட்டில் நிற்கின்றன. அழும் பிள்ளைக்குத் தாய் திரும்பி வருவாள் என்ற உறுதி இன்னும் உள்ளே ஊன்றவில்லை. பாடுகிறவருக்கு இறைவனின் ஆட்டம் கண்ணெதிரே நடக்கிறது. துணை உள்ளே நிறைந்துவிட்டது. அதனால்தான் பிள்ளையின் அழுகையைக் கேட்க அவருக்குக் காது இருந்தது. தம் துயரத்தில் மூழ்கியவருக்கு அடுத்தவர் அழுகை கேட்காது.

அவர் பேய் வடிவம் கேட்டதன் பொருளும் இதுவே என்பது என் துணிபு. பெண்ணைப் பார்க்கும் கண்கள் காரைக்காலில் எத்தனை! வணிகத் தெருவில் மகளாக, மனைவியாக, பிறகு தெய்வமாக அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் பார்க்க விரும்பாத வடிவம் வந்தபின் அவர் பார்க்கத் தொடங்கினார். பிறர் கண்ணிலிருந்து விடுபட்டவருக்கே தம் கண் முழுதாகத் திறக்கிறது. தனித்திருத்தலின் முதற்பயன் இதுதான். மற்ற பயன்கள் எல்லாம் இதன் கிளைகள்.

3. வேறு சில சான்றுகள்

நேரமாகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஔவையார் பெயரால் வழங்கும் ஒரு பாடலில் இனியவற்றின் வரிசை ஏகாந்தத்தில் தொடங்குகிறது. அறிவுடையோரைக் காண்பதில் முடிகிறது. தனித்திருந்தவர் மனிதரிடமே திரும்பி வருகிறார் என்பதற்கு இது போதும்.

2014இல் விர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் திமோத்தி வில்சன் குழுவினர் ஒரு சோதனை செய்தனர். வெறும் அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வேண்டும். விரும்பினால் பொத்தானை அழுத்தி மின்னதிர்ச்சி பெற்றுக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதிர்ச்சியைத் தேடிக்கொண்டார்கள். தனித்திருப்பது தானாக வந்துவிடாது, பழக வேண்டிய ஒன்று என்று நான் இதைப் படிக்கிறேன்.

பிரிட்டன் 2018இல் தனிமைத் துயரைக் கவனிக்க ஓர் அமைச்சரை நியமித்தது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் சமூகத் தொடர்புக்கென ஓர் ஆணையம் அமைத்தது. இரண்டும் தேவையானவை. அவை பேசுவது விடப்பட்டவர்களைப் பற்றி. யாரும் எட்டிப்பார்க்காத முதியவரிடம் தனிமையின் பெருமையைப் பேசுவது கொடுமை. அதை நான் எந்நாளும் செய்யமாட்டேன்.

4. இனிச் செய்ய வேண்டியவை

இளம் ஆய்வாளர்களுக்குச் சில குறிப்புகள். தனி, புலம்பு, ஏகாந்தம், ஒடுக்கம் ஆகிய சொற்களை வினையோடு சேர்த்துத் தொகுத்தால் ஒரு நல்ல சொல்லாய்வு கிடைக்கும்.   மூத்த பதிகங்களில் வரும் எட்டி, சூரை, காரை, வாகை முதலிய தாவரங்களை இன்றைய திருவாலங்காட்டுப் புதர்க்காடுகளோடு ஒப்பிடலாம். தாவரவியல் துறையினர் உதவ வேண்டும். வள்ளலாரின் மேட்டுக்குப்பத்தையும் இரமணரின் விரூபாட்சிக் குகையையும் இந்த நோக்கில் மறுபடி படிக்கலாம்.

இன்னொன்று. இன்று மாலை இங்கே வரும்போது, ஷிப்டு முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணைப் பார்த்தேன். வீட்டுக்குப் போகும் முன், சாப்பாட்டு டப்பாப் பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். போனைக்கூட எடுக்கவில்லை. காக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் வேலை செய்துவிட்டு ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பும் பெண்களுக்கு அந்தச் சற்று நேரம் எங்கே, எப்படிக் கிடைக்கிறது? யாராவது அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும்.

உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால், 'ஏன், என்ன ஆச்சு?' என்று உடனே கேட்காதீர்கள். கால் மணி நேரம் விடுங்கள். நீங்களும் ஒருநாள் துணைக்கு யாரையும் அழைக்காமல் திருவாலங்காட்டுக்குப் போய் வாருங்கள். திருவள்ளூரிலிருந்து ஐந்தாவது நிலையம்.