மூச்சு வேர்களின் நடுவே

கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தால், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர். அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சரக்கு ரயில் சத்தத்திலும் லாரிப் புழுதியிலும் வளர்ந்த எங்களுக்கு, இவ்வளவு பக்கத்தில் ஒரு காடு இருப்பது ரொம்ப நாள் தெரியாது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம் அது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும், துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். நடுவே உப்புத் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கிறது அலையாத்திக் காடு.

எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே குப்பை எடுக்கப் போனேன். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துத்தான் இறங்க முடியும். அந்த நேரத்தை மீனவர்களிடம்தான் கேட்க வேண்டும். வழிகாட்ட வந்த மீனவ அண்ணன் முதலில் எங்கள் கால்களைத்தான் பார்த்தார். ரப்பர் பூட்ஸ் போட்டு வந்த பையனைக் கழற்றச் சொன்னார். சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும்தான் வெளியே வரும். வெறுங்காலும் ஆகாது, ஆளிச் சிப்பியின் ஓடு கிழித்துவிடும். கயிறு கட்டிய பழைய கேன்வாஸ் ஷூதான் சரி.

இறங்கியதும் அவர் சொன்னது: "தம்பி, குத்திக்கிட்டு நிக்குதே, அதை மிதிக்காதீங்க. மரத்துக்கு அதான் மூக்கு."

வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அவை. மூச்சு வேர்கள். அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேரே வெளியே தலை நீட்டி மரத்துக்கு மூச்சு வாங்குகிறது. இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். குடித்த தண்ணீரின் உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது.

அந்த வேர்களின் மேல்தான் குப்பை கிடந்தது. ஒரே ஒரு நைலான் வலைத்துண்டை எடுக்க எங்களில் நான்கு பேருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இழுத்தால் வேர் ஒடியும். அதனால் குந்தி உட்கார்ந்து, கத்தரிக்கோலால் கண்ணி கண்ணியாக நறுக்கி, ஒவ்வொரு வேரையும் விடுவித்தோம். அடியில் பால் பாக்கெட், செருப்பு, தெர்மாகோல். ஒரு பிள்ளை எடுத்த பிளாஸ்டிக் பையில் எங்கள் பகுதிக் கடை ஒன்றின் பெயர் அச்சிட்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கிங்ஹாம் கால்வாய் எங்கள் பக்கத்திலிருந்துதான் வடக்கே எண்ணூருக்கு வருகிறது.

அதே கால்வாய் வழியாகத்தான் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கெட்டன, கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிக் கிடந்தன. மூச்சு வேரில் எண்ணெய் படிந்தால் மரத்தின் கதி என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காட்டில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்கி வளர்வது இந்த வேர்களுக்கிடையேதான். தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறிக்குள் போடும் இருளர் குடும்பங்களுக்கு, இந்தச் சேறுதான் அன்றைய சோறு.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். காடு வளர்ப்பு என்றாலே கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. அலையாத்திக்கு முதல் தேவை கன்று அல்ல, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் வழி. வழி அடைந்தால் தண்ணீர் தேங்கும், வெயிலில் வற்றும், மண்ணில் உப்பு ஏறி மரம் பட்டுப்போகும். பிச்சாவரத்தில் பட்டுப்போன இடங்களை வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீட்டது எப்படி? மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டார்கள், அதன் பிறகே கன்று நட்டார்கள். எண்ணூரில் ஆற்றுப்படுகையை மேடாக்கியிருப்பது அனல்மின் நிலையச் சாம்பல். அதை அள்ளுவது அரசின் கடமை, நம் சாக்குப்பைக்குள் அடங்காது. குப்பையை எடுப்பதும், அதைவிட முக்கியமாகக் கால்வாயில் போடாமல் இருப்பதும் நம்மால் ஆகும்.

பத்து மணி வாக்கில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அண்ணன் கரையேறச் சொன்னார். நாங்கள் சுத்தம் செய்தது மூன்று மரங்களின் அடியை மட்டும்தான்.

வடசென்னை நேயர்களே, மிச்ச மரங்கள் அங்கேயே நிற்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கன்று கொண்டுவர வேண்டாம். பழைய ஷூ, ஒரு கத்தரிக்கோல், இரண்டு சாக்கு போதும். இறங்குவதற்கு முன் அங்குள்ள மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.