நுண்ணோக்கியில் கழிவுநீர்



சுருளியாற்றங்கரையிலுள்ள இக்குச்சனூரில் நல்லதொரு விழா நாளில் கழிவுநீரைப் பற்றிப் பேசுகிறோமே என்று எவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பிறர் முகம் சுளித்த பணியைத்தான் தலைமுறை தலைமுறையாக நம்மவர் தலையில் ஏற்றி வைத்தார்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. அதன் பின்னரும் பாதாளச் சாக்கடைக் குழிகளில் உயிர்கள் மாய்ந்தன. அந்தக் கழிவுநீருக்குள் ஓர் அறிவியல் உண்டு. அதை நம் பிள்ளைகள் கற்றாக வேண்டும்.

1914ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் ஓர் உண்மையை வெளியிட்டனர். கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை உண்டு கசடாகப் படிகின்றன. அக்கசடையே மீண்டும் சேர்த்தால் வேலை விரைவாகிறது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் இம்முறையில் நிலையங்கள் அமைந்தன.

பாக்டீரியா ஒன்றின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தனித்தனியே மிதந்தால் அது எளிதில் படியாது. ஆகவே இயற்கை அதற்கு ஒரு பசையைக் கொடுத்திருக்கிறது. உடலுக்கு வெளியே சுரக்கும் அப்பசை, சர்க்கரைப் பொருள்களும் புரதங்களும் கலந்தது. அதில் ஒட்டித் திரண்டு, கனத்து, நுண்ணுயிர்கள் அடியில் அமர்கின்றன. மேலே தெளிந்த நீர் நிற்கிறது. பசை குறைந்தால் திரள் சிதறும். மிகுந்தாலோ நீரைப் பிடித்துக்கொண்டு உப்பி, படியாமல் தெளிநீரோடு வெளியேறும். அருவருப்பென்று ஒதுக்கப்பட்ட வழவழப்புதான் நீரைத் தெளியவைக்கிறது!

பசைக்கு நிறமில்லை. அதைக் காணும் வழி நயமானது. கண்ணாடித் தகட்டில் கசடு ஒரு துளி, இந்தியன் இங்க் ஒரு துளி. மையிலுள்ள கரித்துகள்கள் பசைக்குள் நுழைய மாட்டா. நல்ல கசடாயின் மை திரளின் நடுப்பகுதிவரை ஊடுருவும். பசை மிகுந்ததாயின் கருமைக்கிடையே வெண்திட்டுத் தோன்றும். ஒளிரும் சாயமேற்றி லேசர் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகக் காணும் முறையும் உண்டு. அதன் விலை நம் பள்ளிகளுக்கு எட்டாது, மை எட்டும்.

குழிக்குள் இறங்கியவரின் பேரனும் பேத்தியும் அந்த நுண்ணோக்கியின்முன் நாற்காலியிட்டு அமர வேண்டும். வேதியியலோ நுண்ணுயிரியலோ படித்தால் அவ்விடம் அடையலாம். நம் பெண்மக்கள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுவதை இனியும் நாம் பொறுத்திருக்கலாகாது.

ஆலைக் கழிவுநீரில் வெண்திட்டு மிகுந்து தெரிந்தால், நைட்ரஜனோ பாஸ்பரசோ நுண்ணுயிர்களுக்குப் போதவில்லையா என்று முதலில் ஆராய்வார்கள். நைட்ரஜன் குறைவென்றால் தொட்டியில் யூரியாவைக் கரைத்து விடுவதுண்டு. வெளிறிய நெற்பயிருக்கு நம் வயல்களில் இடும் அதே யூரியாதான்.