கதை மீட்டெடுத்த வீடு

இன்று சேலத்துக்குப் போவோம். நம் மாம்பழச் சேலம் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கும் சேலம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் பெற்றோர் நம் பகுதியிலும் இருக்கிறார்கள். அவர்கள் தவறவிடக் கூடாத ஒரு வீடு அங்கே துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது.

1668இல் ஜான் டர்னர் என்ற கப்பல் வணிகர் கட்டிய வீடு அது. நம் தேவனாம்பட்டினம் கோட்டை 1690இல் ஆங்கிலக் கும்பெனியின் கைக்கு வந்தபோது அந்த வீட்டுக்கு வயது 22. கல் மாளிகை என்று எண்ணிவிடாதீர்கள். முழுக்க மரம், கறுத்த பலகைச் சுவர்கள், செங்குத்தான கூரை. கம்மாபுரம் பக்கத்து ஓட்டு வீடுகளில் பக்கவாட்டில் முக்கோணமாக எழும் சுவரைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல் ஒரே வீட்டில் ஏழு முகடுகள். உள்ளே புகைபோக்கியை ஒட்டி ஒளிந்திருக்கும் குறுகிய படியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும்.

இந்த வீட்டை வைத்துத்தான் நத்தானியல் ஹாதார்ன் 1851இல் ‘தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்’ நாவலை எழுதினார். ஏழை ஒருவனின் நிலத்துக்கு ஆசைப்படுகிறார் பெரிய மனிதர் ஒருவர். சூனியக்காரன் என்று பழிசுமத்தி அவனைத் தூக்குமேடைக்கு அனுப்புகிறார். அவன் சாபமிட்டுச் சாகிறான். அந்த மண்ணிலேயே வீடு கட்டிய பெரிய மனிதர், புதுமனை விருந்து நாளன்றே பிணமாகிறார். அந்தப் பாவம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. நிலத்தகராறுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியக் கதையே அல்ல.

ஹாதார்னுக்கு அது சொந்த வீட்டுக் கதையும்கூட. 1692இல் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த விசாரணை நீதிபதிகளில் ஒருவர் ஹாதார்னின் தாத்தாவுக்குத் தாத்தா. முன்னோர் செய்த அநியாயத்தை மூடி மறைக்காமல் எழுதினாரே, அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

அவர் அங்கே போய்வந்த காலத்தில் வீட்டில் ஏழு முகடுகள் இல்லை. நாகரிகம் மாறியதால் இடித்ததுபோக மூன்றே மிச்சம். பழைய தோற்றத்தை அவருக்குச் சொன்னவர் வீட்டுக்காரி சூசன்னா இங்கர்சால். உறவில் அக்கா முறை. 1908இல் கரோலின் எமர்ட்டன் என்ற பெண்மணி வீட்டை வாங்கி, ஏழு முகடுகளையும் திரும்ப எழுப்பினார். நாவலில் வரும் முதியவள் ஹெப்சிபாவின் சில்லறைக் கடையைக்கூட வாசலில் கட்டிவைத்தார். பார்வையாளர்கள் தந்த கட்டணம், பிழைப்புத் தேடிப் புதிதாகக் குடியேறிய ஏழைக் குடும்பங்களின் கல்விக்கும் கைத்தொழிலுக்கும் போனது. எனக்கு இந்த வீட்டின் பெரிய பெருமை அதுதான்.

ஹாதார்ன் பிறந்த வீட்டையும் 1958இல் அப்படியே பெயர்த்து வந்து இதே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். பாஸ்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். அக்டோபரில் மட்டும் போகாதீர்கள். ஹாலோவீன் கூட்டத்தில் ஊரே நிரம்பி வழியும். அதற்கு முன்பே, செப்டம்பரில் போய் நிதானமாகப் பாருங்கள்.